கீழ்த்தெருவில் ஏரி நின்ற உயரம்

தபால் நிலையத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும், காலையில் முதல் வேலை முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றுவது. சின்ன இடுக்கியால் நேற்றைய எண்ணை எடுத்துவிட்டு இன்றைய எண்ணைச் செருக வேண்டும். ஓய்வு பெற்ற மறுநாள், ஒரு சனிக்கிழமை, எழுந்ததும் விரல்கள் எதையோ தேடின. அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கி வந்து கிழமை, தமிழ் மாதம், ஏரியின் நீர்மட்டம் என்று கோடு போட்டேன். எங்கள் ஊரில் தினமும் மாறுகிற பெரிய பொருள் ஏரி ஒன்றுதான்.

கொல்லிமலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் ஒன்று எங்கள் ஏரியில் வந்து அடங்குகிறது. மலையைப் பார்த்த பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஊர், நடுவில் நீண்ட மண்கரை. கரையின் கிழக்கு முனையில் கலிங்கு இருக்கிறது. ஏரி நிறைந்தால் மிச்ச நீர் அந்தக் கல்கட்டின் தலையைத் தாண்டி வழிந்து போகும். மேற்கு முனைக்கு உடைப்பு மூலை என்று பெயர். நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு கார்த்திகையில் கரை அங்கேதான் உடைந்தது. அன்றுமுதல் ஆடிப் பதினெட்டன்று வீட்டுக்கு ஒரு கூடை மண் சுமந்துபோய் அங்கே கொட்டி மிதிப்பது ஊர் வழக்கம். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு அந்த வருஷம் தனிக் கூடை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வெளி மாநிலம் போனவர்களுக்காக வீட்டார் இன்னொரு கூடை சுமப்பார்கள். இத்தனை வருஷம் கொட்டி மிதித்ததில் கரை மற்ற இடங்களைவிட அங்கே இரண்டு பங்கு தடிமனாகிவிட்டது. ஆனாலும் மழைக்காலத்தில் ஊர் பயந்து பார்ப்பது அந்த மூலையைத்தான். என் நோட்டிலும் அதற்கென்று தனிக் கோடு இருந்தது: 'மூலையில் கசிவு'. திங்கட்கிழமைதோறும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவேன்.

பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்தது சித்திரையில், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ஏரிச் சங்கக் கட்டடத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தோம்.

"இந்த வருஷம் ஒரு துண்டுக்குத்தாங்க பணம் வந்திருக்கு. முழுக்கரையையும் பலப்படுத்த முடியாது. எந்தத் துண்டுன்னு பார்த்து எழுதத்தான் வந்தேன்" என்றார்.

சங்கத் தலைவர் எனக்குப் பெரியப்பா மகன். அண்ணன் முறை. "பாக்கறதுக்கு என்னங்கம்மணி இருக்குது?" என்றார். "சின்னப் புள்ளையக் கேட்டாலும் உடைப்பு மூலைன்னு சொல்லிப்போடும். நாளைக்கே மண்ணடிங்க. டீச்செலவு எங்குளுது."

"அண்ணன் தோப்பு அந்த மூலைக்குக் கீழதானுங்க இருக்குது. டீ என்ன, பிரியாணியே போடுவாரு" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. எல்லோரும் சிரித்தார்கள். என் தென்னந்தோப்பும் அதற்கடுத்ததுதான் என்பதால் நான் அளவாகச் சிரித்தேன்.

"அந்த மூலையில கடைசியா எப்போங்க கசிஞ்சது?" என்று பொறியாளர் கேட்டார்.

அண்ணன் என் பக்கம் கையை நீட்டினார். "எங்க போஸ்ட்டாபீஸக் கேளுங்க. நாய் கொலைச்ச கெழமை கூட எழுதி வெச்சிருப்பாப்டி."

நான் மொபெட்டில் வீட்டுக்குப் போய் நோட்டுகளை எடுத்து வந்தேன். என் நோட்டுகளை ஓர் அரசு அதிகாரி புரட்டுவது அதுதான் முதல் முறை என்பதால் உள்ளூர ஒரு மிதப்பு இருந்தது. அவர் நிதானமாகப் படித்தார். கசிவு இல்லை. கசிவு இல்லை. திங்களுக்குத் திங்கள், வருஷத்துக்கு வருஷம், கசிவு இல்லை. பிறகு தலையைத் தூக்கினார்.

"ஒரே எடத்தைத்தான் பார்த்திருக்கீங்க சார்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான், தேதியைச் சரியாக வைத்து, முத்திரையை வேறு ஊர்ப் பெயரில் குத்திவிட்டது போல இருந்தது.

அவர் நோட்டை மூடாமல் மேலும் புரட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்றார். "'கீழ்த்தெரு முக்கில் வண்டி வழுக்கியது. மழை இல்லை. வலது முழங்கை சிராய்ப்பு.' இது என்ன சார்?"

"அது சொந்த விஷயமுங்க."

"இங்கயும் இருக்கு. அடுத்த நோட்டுலயும். மூணு தடவை விழுந்திருக்கீங்க."

பின்வரிசை மறுபடி சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல், நான் விழுந்த வரியிலிருந்து விரலை நகர்த்தி அதே நாளின் நீர்மட்டத்தைத் தொட்டார். மூன்று நாளும் ஏரி கலிங்கின் தலைக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது. மழையில்லாத நாளில் தெரு முக்கு ஏன் சேறாக இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. விழுந்ததை எழுதியதோடு சரி.

"அந்த முக்கைக் காட்டுங்க சார்" என்று எழுந்தார்.

கீழ்த்தெரு கரையின் நடுப்பகுதிக்கு நேர் கீழே இருக்கிறது. காட்டு வேலைக்கும் கோழிப்பண்ணை வேலைக்கும் போகிறவர்களின் வீடுகள்; இடையில் அங்கன்வாடி. முக்கு வீட்டுக்காரம்மா பண்ணையில் முட்டை பொறுக்கித் தட்டில் அடுக்குகிற வேலை பார்ப்பவர். கணவர் ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ இருந்தார். இரண்டு பெண் குழந்தைகள். பின்னால் ஒரு சமையலறையை அந்தம்மாவே காசு சேர்த்து எடுத்துக் கட்டியிருந்தார். அதன் பின்சுவர் கரையின் அடிவாரத்தைப் பார்த்து இருந்தது. சுவருக்கும் கரைக்கும் நடுவே நாலு பாய் அகலத்துக்குக் கீரைப்பாத்தி: பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, ஓரமாகச் சேம்பு. சித்திரை வெயிலில் எங்கள் தோப்பில் தென்னையே ஓலை தொங்கிக் கிடந்தபோது, அந்தச் சேம்பிலை முறம் அகலத்துக்கு விரிந்திருந்தது.

"நல்லா வெச்சிருக்கீங்களே அக்கா" என்றார் பொறியாளர்.

"தண்ணி ஊத்தறதே இல்லீங்க" என்றார் அந்தம்மா பெருமையோடு. "அதுவா ஊறி வருதுங்க. சாமி குடுத்த எடம். ஐயாவுக்கும் வாரந்தவறாமக் கீரை குடுத்தனுப்பறேன், வேணும்னாக் கேட்டுப் பாருங்க."

நான் தலையாட்டினேன். எத்தனையோ வாரம் அந்தக் கீரையைத் தின்றிருக்கிறேன். அதையும் நோட்டில் எழுதியதில்லை.

பொறியாளர் குத்தவைத்து மண்ணுக்குள் விரலை விட்டார். வெளியே எடுத்து முகர்ந்தார். "ஏரி நெறைஞ்சு நிக்கிறப்போ எப்படி வரும்?"

"அப்ப ஊத்தாட்ட வருமுங்க. ஏனம் பாத்தரமெல்லாம் அதுலயே கழுவிக்குவோம்."

"தெளிவா வருமா, கலங்கலாவா?"

"தெளிவாத்தானுங்க. போன கார்த்திகையில மட்டும் ரண்டு நாளு செந்தண்ணியா வந்துது. அப்புறம் அதுவே நின்னு போச்சு."

பொறியாளர் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தாவணி போட்ட மூத்த பெண் கொண்டுவந்த தண்ணீரை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

திரும்பும்போது கரைமேல் நடந்தோம். அங்கேதான் அவர் எனக்கு அந்தக் கணக்கைச் சொன்னார். எந்த இடம் உடையும் என்பது ஒரு கேள்வி. உடைந்தால் அதன் கீழே யார் இருக்கிறார்கள், தப்பி ஓட அவர்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது, பெருக்க வேண்டும். "தண்ணி மட்டும் வந்தா கரைக்கு ஒண்ணும் ஆகாது சார். செந்தண்ணியா வந்தா கரைக்குள்ள இருக்கிற மண்ணும் சேர்ந்து வருதுன்னு அர்த்தம். உள்ளே எலி வளை மாதிரி ஒரு வழி உண்டாகும். அது ஏரி வரைக்கும் போய்ச் சேர்ந்தா, அப்புறம் நிமிஷக் கணக்குதான். உங்க மூலை உடையறதுக்கு வாய்ப்பு குறைவு. உடைஞ்சாலும் தென்னைதான் நிக்குது. இங்க வாய்ப்பும் அதிகம், கீழ அங்கன்வாடி."

எனக்குப் படிக்கிற பழக்கம் உண்டு. வெள்ளத்தைப் பற்றி, ஏரி வெட்டியவர்களைப் பற்றி, கல்வெட்டில் கரைக்கு மானியம் எழுதி வைத்தவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஓர் ஊரின் பயம் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளை போடுகிற பெருக்கலில் கண்டுபிடித்துவிடலாம் என்று எனக்கு எந்தப் புத்தகமும் காட்டியதில்லை. கரைமேல் அப்படியே நின்றுவிட்டேன். இடப்பக்கம் ஏரி, வலப்பக்கம் ஓடுகளும் சிமெண்டு அட்டைக் கூரைகளும். அந்த வழியாக ஆயிரம் முறை நடந்திருப்பேன். இரண்டு பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்த்தது அன்றைக்குத்தான்.

அண்ணனுக்கு இந்தக் கணக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் பொறியாளர் முக்காலிக் கருவியோடு வந்து மட்டம் எடுத்து, ஏரி நிறைந்தால் கீழ்த்தெருவுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் தண்ணீர் நிற்கும் என்று சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"மிஷினுக்குள்ள ஒத்தக் கண்ண வெச்சுப் பாத்துப்போட்டு ஆளுசரத்துக்கு மேலங்கறீங்க. நாங்க எப்படி நம்பறதுங்க? நம்ம கொத்தனாரு டியூப்பு வெச்சுச் சொல்லட்டும், ஒத்துக்கறேன்."

"தாராளமாப் பார்க்கட்டும்ங்க" என்றார் பொறியாளர். குரலில் சந்தோஷம்தான் தெரிந்தது.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கொத்தனார் வேலையைத் தொடங்கினார். அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்க்கிற, தண்ணீர் நிரப்பிய சாதாரணப் பிளாஸ்டிக் குழாய், ஒரு டப்பா சுண்ணாம்பு, ஓர் ஏணி. நிறைந்த ஏரியின் மட்டம் என்பது கலிங்கின் தலைதான். ஆகவே குழாயின் ஒரு முனையைக் கலிங்குத் தலையில் பிடித்து, மறுமுனையைப் பக்கத்துத் தென்னையில் வைத்து, தண்ணீர் அசையாமல் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். அந்தக் கோட்டிலிருந்து அடுத்த மரம். அங்கிருந்து மின்கம்பம். இப்படியே கரையடியோடு கீழ்த்தெருவை நோக்கி வந்தார். குழாய் பிடிக்க நாலு பேர், வேடிக்கை பார்க்க நாற்பது பேர்.

முதல் தென்னையில் கோடு கணுக்காலுக்கு இருந்தது. மூன்றாவதில் முழங்காலுக்கு. தரை சரியச் சரியக் கோடு ஏறிக்கொண்டே வந்தது. கம்பத்தில் இடுப்பளவு. பால் சொசைட்டிச் சுவரில் நெஞ்சளவு. அதுவரை ஆளுக்கொரு கேலி பேசி வந்தார்கள். சொசைட்டியைத் தாண்டியதும் பேச்சு குறைந்தது. அடுத்த புளியமரத்தில் கொத்தனார் கையை உயர்த்தித்தான் கோடு போட்டார். அதற்கடுத்த கம்பத்துக்கு ஏணி கேட்டார்.

அங்கன்வாடியில் சன்னலுக்கு மேலே விழுந்தது கோடு. முக்கு வீட்டின் பின் சமையலறையில், உள்ளே போய் ஏணியில் நின்று, சுழலாமல் நின்ற மின்விசிறிக்கும் மேலே, கூரைச் சட்டத்துக்கு நாலு விரல் கீழே அவர் கோடு போட்டார். பொறியாளரின் கருவி சொன்னதற்கும் அதற்கும் ஒரு விரல்கடை வித்தியாசம்கூட இல்லை.

வெளியே வந்து திரும்பிப் பார்த்தோம். கலிங்கிலிருந்து முக்கு வீடு வரை மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம் வெள்ளைக் கோடுகள். கண்ணால் சேர்த்துப் பார்த்தால் தெருவின் தலைக்குமேல் காற்றில் ஒரே நேராக ஏரி நின்றது. அதன் அடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஆடு ஒன்று மேய்ந்தது. அங்கன்வாடியிலிருந்து குழந்தைகள் பாடும் சத்தம் வந்தது. நாங்கள் நாற்பது பேரும் ஏரியின் தரையில் நின்றுகொண்டிருந்தோம்.

அண்ணன் சமையலறைக்குள் போய் அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்தார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தன நாளு இது இங்கயேதான இருந்துருக்குது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அந்த இடத்திலேயே சங்கம் கூடியது. நான் நோட்டைப் பிரித்து, மூலையில் கசிவு இல்லை என்று எழுதியிருந்த வரிகளைச் சத்தமாகப் படித்தேன். பிறகு நான் விழுந்த மூன்று நாட்களையும் படித்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. என் தோப்பும் மூலைக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனாலும் பணம் இங்கே போகட்டும் என்றேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கோட்டின் கீழே நின்றுகொண்டு வேறெதையும் சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

மறுத்தது ஒரே ஓர் ஆள்தான், அந்த வீட்டுக்காரம்மா.

"அடிவாரத்துல கல்லும் மணலும் அடுக்கி வடிகால் எடுக்கணும் அக்கா. இந்தச் சமையக்கட்டையும் கீரைப்பாத்தியையும் எடுத்தாத்தான் முடியும்" என்று பொறியாளர் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, ஊரையே காப்பாத்தறதுக்கு என்ற சமையக்கட்டுத்தான் கெடச்சுதா? முட்டைத் தட்டுச் சொமந்து கட்டுனதுங்க அது. அவரு வந்தா நான் என்னன்னு சொல்றது?"

கொத்தனார்தான் சுண்ணாம்புக் கையைத் துடைத்துக்கொண்டே, "வாசப்பக்கமா அதே அளவுல எடுத்துத் தாரேன் அம்மணி. கூலி வேண்டாம். கல்லு அண்ணன் குடுப்பாரு" என்று அண்ணனைப் பார்த்தார். நாற்பது பேரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

"பிரியாணிக்கு வெச்சிருந்ததக் கல்லுல போடறேன், உடு" என்றார் அண்ணன்.

அந்தம்மா உடனே தலையாட்டவில்லை. மேலே இருந்த கோட்டைப் பார்த்தார், வாசலில் நின்ற இரண்டு பெண்களைப் பார்த்தார். "இந்தச் சொவத்த மட்டும் இடிக்காதீங்க. கோடு இருக்கட்டும்" என்றார். சமையலறைக்கும் வீட்டுக்கும் பொதுவான சுவர் அது. அப்படியே விட்டார்கள்.

ஆனியில் வேலை தொடங்கியது. ஆடிப் பதினெட்டு வந்தபோது ஊர் வழக்கம்போல உடைப்பு மூலைக்குக் கூடை சுமந்தது. நான் மட்டும் புத்திசாலித்தனமாக என் கூடையைக் கீழ்த்தெருவுக்குக் கொண்டுபோனேன். பொறியாளர் ஓடிவந்து தடுத்தார். "ஐயோ, இங்க மண்ணு போடாதீங்க சார்! மணலும் சல்லியும் அடுக்கியிருக்கோம். களிமண்ணு விழுந்தா வடிகால் அடைச்சுக்கும்." நான் கூடையோடு ஊர் முழுக்கத் திரும்ப நடந்து, கடைசி ஆளாக மூலையில் கொண்டுபோய்க் கொட்டினேன். அண்ணன் அங்கே நின்று பார்த்தார். "வழி தெரியாமப் போச்சாக்கும்" என்றார். இதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஐப்பசி இரண்டாம் வாரத்தில் மலையில் விடாமல் மழை. புதன்கிழமை விடிந்தபோது கலிங்கில் தண்ணீர் வழிகிற சத்தம் என் வீடு வரை கேட்டது. போன கார்த்திகைக்குப் பிறகு ஏரி நிறைந்தது அன்றைக்குத்தான். குடையும் நோட்டும் எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவுக்குப் போனேன். வண்டியைத் தொடவில்லை, நடந்தே போனேன்.

கலிங்கிலிருந்து ஒவ்வொரு கோட்டையும் கடந்து வந்தேன். கணுக்கால், முழங்கால், இடுப்பு, நெஞ்சு. வைகாசியில் அவை வெறும் சுண்ணாம்பு. இன்றைக்குக் கரைக்கு அந்தப் பக்கம் அதே உயரத்தில் உண்மையாகவே தண்ணீர் நின்றது.

முக்கு வீட்டுக்காரம்மா கரையடி வடிகாலின் வாயில் கண்ணாடி டம்ளரோடு குனிந்திருந்தார். தண்ணீர் வர ஆரம்பித்தால் தினமும் காலையில் ஒரு டம்ளர் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார் பொறியாளர். அன்றுதான் வடிகாலில் முதன்முதலாகத் தண்ணீர் வந்திருந்தது. டம்ளரைத் தூக்கினார். கலங்கியிருந்தது.

அவர் உடனே வீட்டுக்குள் பார்த்து, "எந்திரிச்சு வாங்கடி ரண்டு பேரும், பள்ளிக்கொடத்துக்கு நடங்க. பக்கத்தூட்டு ஆளுங்களையுங் கூப்புடுங்க" என்றார். பத்து நிமிஷத்தில் தெருவே மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தது. அங்கன்வாடி ஆயா இரண்டு இடுப்பிலும் இரண்டு குழந்தைகளோடு போனார். நான் பொறியாளருக்கு அழைத்தேன்.

"என்ன நிறம் சார்? சிவப்பா, சாம்பலா?"

டம்ளரை உயர்த்திப் பார்த்தேன். "சாம்பலுங்க."

"டம்ளரை ஆடாம வெச்சுட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு புதுசாப் பிடிங்க. புதுச் சல்லியோட தூசியா இருக்கலாம். அப்படின்னா ஒவ்வொண்ணும் தெளிஞ்சுக்கிட்டே வரும். சிவப்பு வந்தா அங்க நிக்காதீங்க, ரெண்டு பேரும் ஓடிடுங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

அந்தம்மா சன்னல் கட்டையில் டம்ளர்களை வரிசையாக வைத்தார். நான் ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதினேன். முதல் டம்ளர் சாம்பல். இரண்டாவது அதேதான். மூன்றாவது கொஞ்சம் வெளிறியது. ஐந்தாவதன் வழியாகச் சன்னல் கம்பி தெரிந்தது. ஏழாவது டம்ளரில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் இருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. இத்தனை பெரிய ஏரி கரைக்கு அப்பால் சாய்ந்து நிற்க, அதிலிருந்து இவ்வளவு சாதுவாக, நூல் பிடித்தாற்போல, கற்களுக்கு நடுவே தெளிந்து அது வந்துகொண்டிருந்தது.

அந்தம்மா அந்த ஏழாவது டம்ளரை வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். பிறகு அதைச் சன்னலில் வைத்துவிட்டு, வாசல் பக்கத்துப் புதுச் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். மேட்டுக்குப் போனவர்கள் பொறியாளர் வந்து சொல்லும்வரை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம்.

காப்பியோடு வந்தவர் நான் நின்ற இடத்தைப் பார்த்துச் சிரித்தார். பழைய சுவரில், என் தலைக்கு வெகு மேலே அந்த வெள்ளைக் கோடு இருந்தது.

"ஐயா ஏரிக்குள்ள நின்னுட்டுக் காப்பி குடிக்கறீங்க, பாத்து" என்றார்.

நான் அண்ணாந்து பார்த்தபடியே குடித்தேன். தெருவில் பொறியாளரின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நோட்டை எடுத்து, புதன்கிழமை, ஐப்பசி, ஏரி நிறைவு என்று எழுதினேன். 'மூலையில் கசிவு' என்ற கோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்து, 'கீழ்த்தெரு, ஏழாவது டம்ளர், தெளிவு' என்று எழுதி நேரத்தையும் குறித்தேன்.